சிக்னலில் ஒரு சொல்: நம்பர் பிளேட் எழுத்தை வைத்து ஆங்கில வார்த்தை பிடிப்பது

பெங்களூரின் சில்க் போர்டு ஜங்ஷன். முன்னால் நிற்கிற காரின் நம்பர் பிளேட்டில் எம்-எச் என்று இரண்டு எழுத்து. இந்த இரண்டும் இதே வரிசையில் வருகிற ஆங்கில வார்த்தை ஒன்றைச் சொல்ல வேண்டும். நடுவிலும் முன்னும் பின்னும் வேறு எழுத்துகள் எத்தனை வேண்டுமானாலும் வரலாம். சிக்னல் பச்சையாவதற்குள் சொன்னவருக்கு ஒரு புள்ளி. பிள்ளைகளோடு ஓசூர் ரோடு வழியாக ஊருக்குப் போகிறவர்களுக்கு இதைவிட மலிவான பொழுதுபோக்கு கிடையாது. வண்டி ஓட்டுபவர் மட்டும் ஆட்டத்தில் சேர்த்தியில்லை.

ஆரம்பிக்கும் முன் ஒரு சின்ன ஏற்பாடு. தமிழில் எழுதினால் ஆங்கிலத்தின் இரண்டு 'பி'யும் ஒன்றாகிவிடும், இரண்டு 'டி'யும் ஒன்றாகிவிடும். போனில் பேர் சொல்லும்போது செய்வதையே இங்கேயும் செய்யலாம்: பாம்பே பி, பேப்பர் பி, டெல்லி டி, டேபிள் டி. வெறும் 'டி' என்று வந்தால் டேபிள் டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெங்களூர் வண்டிகள் எல்லாவற்றிலும் கே-ஏ இருப்பதால் அதை விட்டுவிட்டு, ஆர்டிஓ எண்ணுக்குப் பிறகு வருகிற தொடர் எழுத்துகளை எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். கோரமங்கலாவின் 01, இந்திராநகரின் 03, எலக்ட்ரானிக் சிட்டியின் 51, கே.ஆர்.புரத்தின் 53 எதுவானாலும் ஆட்டத்துக்கு ஒன்றுதான். 2021-இல் வந்த பிஎச் (பாரத்) வரிசை பிளேட்டில் எழுத்துகள் கடைசியில் இருக்கும். அதில் ஐயும் ஓவும் வராது. ஒன்று, பூஜ்யம் என்கிற எண்களோடு குழம்பும் என்பதால் அவற்றை விலக்கிவிட்டார்கள். நமக்கு அது நஷ்டம். உயிரெழுத்து வந்தால் வார்த்தை சுலபமாக விழும். பெரும்பாலும் மெய்யும் மெய்யுமாகத்தான் மோத வேண்டியிருக்கும்.

விதியை முதலிலேயே பேசி முடிவு செய்யாவிட்டால் ஹெப்பாள் மேம்பாலம் வரும் முன்னே சண்டை வந்துவிடும். 'இந்த எழுத்துகள் உள்ள வார்த்தை' என்பதற்கே நாலு அர்த்தம் இருக்கிறது. என்-கே என்று வைத்துக்கொள்வோம். வரிசை மாறாமல், இடைவெளி விடலாம் என்றால் 'நெக்' சரி, 'நெட்வொர்க்' சரி. ஒட்டியே வரவேண்டும் என்றால் 'பேங்க்', 'தேங்க்' மாதிரி மட்டும்தான். வரிசை எப்படியும் இருக்கலாம் என்றால் 'கிச்சன்', 'நீ' என்று ஒலிக்கிற முழங்கால் எல்லாம் உள்ளே வரும். நாலாவது, கொடுத்த எழுத்துகளை மட்டுமே வைத்து வார்த்தை கட்டுவது. அது எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கி ஆடும் ஸ்க்ராபிள் வகை. பிளேட்டுக்குச் சரிவராது, அதைப் பிறகு பார்ப்போம். இணையத்தில் வார்த்தை தேடித் தரும் தளங்களில் தப்பான விடை வருகிறது என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேர் இந்த நாலில் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு இன்னொரு பெட்டியில் தட்டியவர்கள்தான்.

சரி, எம்-எச். தமிழ்க் காது உடனே 'ம... ஹ...' என்று தேடப் போகும். மஹால், மஹாராஜா என்று சுற்றிவிட்டு நின்றுவிடும். கோளாறு அங்கேதான். நமக்கு எழுத்து என்றால் ஒலி. ஆங்கிலத்தில் எச் தனியாக 'ஹ' என்று ஒலிப்பதைவிட, இன்னொரு எழுத்தின் முதுகில் ஏறிக்கொண்டு வருவதுதான் அதிகம்: சி-எச், எஸ்-எச், டி-எச், ஜி-எச், பேப்பர் பி-எச். ஹ-வை மறந்துவிட்டு இந்த ஜோடிகளை எம்முக்குப் பின்னால் வரிசையாக வைத்துப் பாருங்கள். மச், மேட்ச், மெஷ், மார்ஷ், மந்த், மவுத் என்று கொட்டும். வரிசை சரியாக இருக்கிற மிகக் குட்டியான விடைகளில் ஒன்று 'மோ': எம்-எச்-ஓ, மூன்றே எழுத்து. மின்தடையின் அலகான ஓம் என்பதைத் திருப்பிப் போட்டு மின்கடத்தலின் அலகுக்கு வைத்த பழைய பெயர் அது. இப்போது சீமென்ஸ் என்கிறார்கள். பெரியவர்கள் ஆடும்போது 'குட்டியான வார்த்தைக்குத்தான் புள்ளி' என்று விதி வைத்தால் இந்த மாதிரி சமாசாரங்கள் வெளியே வரும்.

ஒலியை நம்பிக் கெடுவது எச்சோடு நிற்பதில்லை. எல்-கே என்றால் 'டாக்', 'வாக்' (பேசுவது, நடப்பது) தோன்றாது, ஏனென்றால் அங்கே எல் காதில் விழுவதில்லை. எல்-எஃப்புக்கு 'ஹாஃப்', எல்-எம்முக்கு 'காம்', 'பாம்' (அமைதி, உள்ளங்கை) அப்படித்தான். ஜி-என் வந்தால் 'சைன்', 'ஃபாரின்'. பாம்பே பி-டி வந்தால் 'டெட்' என்று சொல்லப்படும் கடன், 'டவுட்'. டபிள்யூ-ஆர் வந்தால் 'ரிஸ்ட்', 'ஆன்சர்'. பேப்பர் பி-எஸ் வந்தால் 'சாம்' என்கிற சங்கீதம். ஒலிக்காத எழுத்துள்ள ஜோடிகளை ஒரு முறை உட்கார்ந்து எழுதி வைத்துக்கொண்டால் பத்துப் பதினைந்துக்குள் அடங்கிவிடும். பிறகு காது ஏமாற்றாது.

இன்னொன்று நம் இலக்கணத்தோடு பிறந்த குறை. தமிழில் மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது. தொல்காப்பியம் தொடங்கிச் சொல்லி வருகிற விதி. அதனால்தான் ஸ்கூலை 'இஸ்கூல்' ஆக்கினோம், ஸ்டேஷனுக்கு முன்னால் ஓர் 'இ' போட்டோம். தேடும்போதும் இந்தப் பழக்கம் கூடவே வரும். எஸ்-ஆர் என்று கொடுத்தால் சர், சீர், சூர் என்று எஸ்ஸுக்கு அடுத்து உயிரை வைத்தே மனது ஓடும். ஸ்ட்ரீட், ஸ்ப்ரிங், ஸ்க்ரீன் எல்லாம் மூன்று மெய் அடுக்கி நிற்பவை. அந்தப் பக்கம் திரும்பவே திரும்பாது. எஸ், டி, சி, பேப்பர் பி ஆகியவற்றில் ஒன்று முதல் எழுத்தாக வந்தால் அடுத்தடுத்து மெய்யை அடுக்கிப் பார்ப்பதை வலுக்கட்டாயமாகப் பழக வேண்டும்.

இரண்டாவது எழுத்தை வார்த்தையின் வாலாகப் பார்ப்பது எல்லாவற்றையும்விடப் பலன் தருகிற உத்தி. ஜி என்றால் 'இங்'. முதல் எழுத்து எவ்வளவு முரடாக இருந்தாலும் கவலையில்லை: எக்ஸ்-ஜிக்கு ஃபிக்ஸிங், மிக்ஸிங், டாக்ஸிங், இசட்-ஜிக்கு கேஸிங் (வெறித்துப் பார்ப்பது), டோஸிங். டெல்லி டி என்றால் ஒரு வினைச்சொல்லுக்கு ஈ-டி சேர்த்தால் போதும். ஆர் என்றால் ஈ-ஆர், ஒய் என்றால் எல்-ஒய், சி என்றால் ஐ-சி, எம் என்றால் 'இஸம்', வி என்றால் 'ஐவ்', எச் என்றால் 'இஷ்', பாம்பே பி என்றால் 'ஏபிள்', பேப்பர் பி என்றால் 'ஷிப்', யூ என்றால் 'அஸ்' என்று ஒலிக்கிற ஓ-யூ-எஸ். என் என்றால் 'ஷன்'. அதனால்தான் ஓசூரிலிருந்து வருகிற தமிழ்நாட்டு வண்டியின் டி-என்னைக் கணக்கில் சேர்த்தால் ஆட்டமே சப்பென்று போய்விடும். ஸ்டேஷன், நேஷன் என்று நாள் முழுக்கச் சொல்லலாம். இசட் வந்தால் 'ஐஸ்' என்று ஒலிக்கிற ஐ-இசட்-ஈ. எக்ஸ்-இசட் என்ற பயங்கர ஜோடிக்குக்கூட 'ஆக்ஸிடைஸ்' கிடைக்கிறது. ஆனால் ஒன்று, இந்த வாலை எஸ் போட்டு எழுதும் பிரிட்டிஷ் வழக்கமும் உண்டு, இசட் போட்டு எழுதும் வழக்கமும் உண்டு. இரண்டையும் ஏற்பதா என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். கே வந்தால் 'லைக்', 'வொர்க்', 'புக்' ஒட்டிப் பார்க்கலாம். எக்ஸ்-கேவுக்கு 'பாக்ஸ்லைக்' என்பது ஸ்க்ராபிள் அகராதியில் இருக்கிற சொல்தான், கொஞ்சம் அடாவடியாக இருந்தாலும்.

வாலே இல்லாத எழுத்துகள் ஜேவும் க்யூவும். இவை இரண்டாவதாக வந்தால் திசையை மாற்றி, முன்னொட்டிலிருந்து வரவேண்டும். ஜேவுக்குச் சாவி 'ஜெக்ட்', 'ஜாய்ன்', 'ஜஸ்ட்' மூன்றும். ஆர்-ஜே ரிஜெக்ட், எஸ்-ஜே சப்ஜெக்ட், பேப்பர் பி-ஜே ப்ராஜெக்ட், என்-ஜே இஞ்செக்ட், யூ-ஜே அன்ஜஸ்ட், டி-ஜே ட்ராஜெக்டரி. எச்-ஜேவுக்கு ஹைஜாக். வி-ஜேவுக்குத் தலையைச் சொறிய வேண்டாம்: 'வஜ்ரா' அகராதியில் ஏறிவிட்டது, பழுக்காத திராட்சையின் புளிப்புச் சாறான 'வெர்ஜூஸ்' என்பதும் உண்டு. கே-ஜேவுக்கு 'காஞ்ஜி' இருக்கிறது. நம் கஞ்சி அல்ல, ஜப்பானியர் எழுதும் சீன எழுத்து. நம் கஞ்சி ஆங்கிலத்தில் 'காஞ்ஜீ' என்று சி-யில் தொடங்கி இரண்டு ஈ-யில் முடிகிறது, ஜே இல்லாமல். க்யூவுக்கு 'க்வெஸ்ட்', 'க்வயர்', 'ஈக்' ஆகியவை சாவி: ரிக்வெஸ்ட், இன்க்வயர், டெக்னீக், பொட்டீக். எம்-க்யூ வந்தால் மாஸ்க்கிட்டோ. பெங்களூர் ஏரிக்கரையில் இருப்பவர்களுக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை. வி-க்யூவுக்கு வான்க்விஷ், எக்ஸ்-க்யூவுக்கு எக்ஸ்க்விஸிட், கே-க்யூவுக்கு 'கம்க்வாட்' என்கிற குட்டி ஆரஞ்சு.

எக்ஸ் இரண்டாவதாக வந்தால் கிரேக்க, லத்தீன் பக்கம் போங்கள். வி-எக்ஸ் வோர்டெக்ஸ், ஒய்-எக்ஸ் லாரிங்க்ஸ் (குரல்வளை) அல்லது லிங்க்ஸ். இசட்-எக்ஸுக்கு ஓட்டுப் பலகை வெட்டும் கருவியான 'ஸாக்ஸ்', மூன்றே எழுத்து. பவளப்பாறைக்குள் வாழும் பாசியின் பெயரான 'ஸோவக்ஸாந்தெல்லா'வும் உண்டு. ஸ்பெல்லிங் சொல்லச் சொன்னால் யாரும் தேறமாட்டார்கள்.

ஒரே எழுத்து இரண்டு தடவை வருகிற பிளேட்டில் பலர் தடுக்கி விழுவார்கள். எம்-எம் என்றால் வார்த்தையில் இரண்டு எம் இருந்தாக வேண்டும். 'மந்த்' செல்லாது, சம்மர், மெமரி, மியூசியம் செல்லும். ஊர்ப்பெயர், ஆள்பெயர், கம்பெனிப் பெயர், சுருக்கெழுத்து, நடுவில் கோடு போட்டு எழுதுவது எதுவும் கிடையாது என்று வைத்துக்கொள்வது நல்லது. சந்தேகம் வந்தால் போனில் அகராதி பார்க்கலாம், ஆனால் சொன்ன பிறகுதான்.

பிள்ளைகள் தேறிவிட்டால் கே-ஏவையும் சேர்த்து மூன்றெழுத்தாக ஆடலாம். பிஎம்டிசி பஸ்களில் எஃப் மட்டும் இருக்கும்: கே-ஏ-எஃப். விடை, 'கஃப்தான்' என்கிற தொளதொள அங்கி. அரசாங்க ஜீப்பில் ஜி: பேக்கேஜ், லீக்கேஜ், பிரேக்கேஜ் மூன்றிலும் கே-ஏ-ஜி ஒட்டியே இருக்கிறது. டாக்ஸியில் பாம்பே பி வந்தால் ரிமார்க்கபிள். சி வந்தால் கொஞ்சம் கஷ்டம். 'க்ளெப்டோமேனியாக்' என்கிற திருட்டுப் பித்தர்தான் கைகொடுப்பார்.

இனி, கொடுத்த எழுத்துகளை மட்டுமே வைத்து வார்த்தை கட்டும் வகை. ஸ்க்ராபிளில் கையில் 7 கட்டை. ஏழையும் ஒரே வீச்சில் போட்டால் 50 புள்ளி கூடுதல். பலகையில் ஏற்கனவே கிடக்கிற ஓர் எழுத்தைச் சேர்த்து எட்டெழுத்துச் சொல்லாகப் போடுவது அடிக்கடி நடக்கும். இந்த எட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: ஏ, ஈ, ஜி, ஐ, எல், என், ஆர், டி. எட்டு எழுத்தை 40,320 விதமாக மாற்றி அடுக்கலாம். ஒவ்வொன்றாகப் பார்க்கப் பொறுமை போதாது.

முதலில், வந்த வரிசையைக் கலைத்து அகர வரிசையில் வையுங்கள், மேலே எழுதியிருப்பது போல. வந்த வரிசையிலேயே வைத்துப் பார்த்தால் கண் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். அடுத்து ஐ-என்-ஜியைப் பிரித்துத் தனியே தள்ளுங்கள். மிச்சம் ஏ, ஈ, எல், ஆர், டி. இதில் 'அலர்ட்' தெரிகிறது, அலர்ட்டிங் ஆயிற்று. 'ஆல்டர்' தெரிகிறது, ஆல்டரிங் ஆயிற்று. 'லேட்டர்' இருக்கிறது, 'ரேட்டெல்' என்கிற தேன்கரடியும் இருக்கிறது. ஆனால் இவற்றுக்கு இங் ஒட்டாது. மூன்றாவது விடை ஒளிந்திருக்கும் இடம் வேறு: 'ரிலேட்' என்பதன் கடைசி ஈ இங் சேரும்போது விழுந்துவிடும் என்பதை நினைத்தால்தான் 'ரிலேட்டிங்' வரும். மிச்ச எழுத்தில் முழு வார்த்தை கிடைக்காதபோது 'ஒரு ஈ கூட இருந்தால்?' என்று கேட்டுக்கொள்வது எப்போதுமே லாபம்.

பெரும்பாலோர் இங்கே எழுந்து போய்விடுவார்கள். இங்கைத் தள்ளி வைத்த கணமே மற்ற விடைகளுக்குக் கண் குருடாகிவிட்டது என்பது தெரியாது. ஐ, என், ஜி மூன்றையும் திரும்பக் கொண்டுவந்து உடைத்துப் போடுங்கள். எட்டையும் வட்டமாக எழுதுவது இதற்கு உதவும். வட்டத்தில் தொடக்கமும் இல்லை முடிவும் இல்லை, ஆகவே எந்த ஜோடியும் கெட்டியாக ஒட்டாது. எல்-ஈ கடைசியில் என்று வைத்தால் 'ட்ரையாங்கிள்'. ஏ-எல் கடைசியில் என்று வைத்தால் 'இன்டெக்ரல்'. ஐ-ஈ-ஆர் கடைசியில் என்று வைத்தால் 'டாங்க்ளியர்' (இன்னும் சிக்கலான). ஒரு வால் வேலை செய்துவிட்டது என்பதற்காக அதோடு நிறுத்தக் கூடாது. ஒவ்வொரு வாலையும் பொருத்தி, கழற்றி, அடுத்ததைப் பொருத்த வேண்டும்.

கம்ப்யூட்டரிடம் கேட்கலாமே என்று இந்த ஊரில் சொல்லாமல் இருக்கமாட்டார்கள். கேட்கலாம். உபுண்டு என்கிற லினக்ஸ் ஓடும் கம்ப்யூட்டரில் யூஎஸ்ஆர், ஷேர், டிக்ட் என்று ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போனால் 'வேர்ட்ஸ்' என்ற கோப்பு இருக்கும். சுமார் 1 லட்சம் வரி. இல்லையென்றால் டபிள்யூ-அமெரிக்கன் அல்லது டபிள்யூ-பிரிட்டிஷ் பேக்கேஜை நிறுவ வேண்டும். அதில் பெரிய எழுத்தில் தொடங்கும் ஆள்பெயர்களும், மேற்கோள்குறியோடு எஸ் ஒட்டியவையும் கலந்து கிடக்கும்; முதலில் வடிகட்டுங்கள். மேக்கில் அதே இடத்தில் இருப்பது 1934-இல் வந்த வெப்ஸ்டர் இரண்டாம் பதிப்பிலிருந்து எடுத்த பட்டியல், 2 லட்சத்து 30 ஆயிரத்துக்கு மேல். பெரிதாகத்தான் இருக்கிறது, ஆனால் பன்மைகளும் இங், ஈ-டி வடிவங்களும் பெரும்பாலும் இருக்காது. 'வார்த்தையே இல்லை என்கிறது' என்று மேக்காரர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான். இந்தியாவில் ஸ்க்ராபிள் போட்டிகள் காலின்ஸ் பட்டியலை வைத்து நடக்கின்றன. 2019 பதிப்பில் இரண்டெழுத்துச் சொற்கள் மட்டும் 127. இலவசமாக வேண்டுமென்றால் 'எனேபிள்' பட்டியல் இருக்கிறது, 1 லட்சத்து 72 ஆயிரத்துச் சொச்சம், அமெரிக்க ஸ்பெல்லிங்.

பிளேட் ஆட்டத்துக்கு, கோப்பில் பொருந்துகிற வரிகளைத் தேடித் தரும் கிரெப் கட்டளை போதும். முதல் எழுத்து, புள்ளி, நட்சத்திரக்குறி, இரண்டாம் எழுத்து. புள்ளியும் நட்சத்திரமும் சேர்ந்தால் 'நடுவில் என்ன வேண்டுமானாலும், எதுவும் இல்லாமலும்' என்று பொருள். வரிசை முக்கியமில்லை என்றால் ஒவ்வோர் எழுத்துக்கும் தனித்தனி கிரெப் போட்டு, ஒன்றின் விடை அடுத்ததற்குப் போகும்படி பைப்பில் கோர்த்துவிடலாம்.

எழுத்துக் குவியலுக்கு மட்டும் கிரெப்பை நம்பாதீர்கள். சதுர அடைப்புக்குள் எட்டு எழுத்தையும் போட்டு 'இவை மட்டும்' என்று தேடினால் பட்டியலில் 'இன்டெலிஜென்ட்' வந்து நிற்கும். பதினோரு எழுத்து, கையில் இருந்ததோ எட்டு. சதுர அடைப்பு எழுத்தை எண்ணாது. எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பப் பயன்படுத்தும். நியூயார்க் டைம்ஸின் ஸ்பெல்லிங் பீ ஆடுகிறவர்களுக்கு அதுதான் சரியான விடை, அங்கே எழுத்து திரும்ப வரலாம். ஸ்க்ராபிளுக்குத் தப்பு. அதற்கு, பட்டியலில் உள்ள ஒவ்வொரு வார்த்தையின் எழுத்துகளையும் அகர வரிசையில் அடுக்கி, அந்த அடுக்கையே சாவியாக வைத்து ஒரு டிக்‌ஷனரி கட்டுங்கள். ட்ரையாங்கிளும் இன்டெக்ரலும் அலர்ட்டிங்கும் ஒரே சாவியில் போய் விழும். ஒரு தடவை கட்டிவிட்டால் பிறகு கேட்ட கணத்தில் விடை. ஏழு கட்டையில் குட்டி வார்த்தைகளும் வேண்டுமென்றால் 127 விதமாகக் கட்டைகளைப் பொறுக்கி ஒவ்வொன்றையும் கேட்க வேண்டும், கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். வெற்றுக் கட்டை ஒன்று இருந்தால் அதை இருபத்தாறு எழுத்தாகவும் மாற்றி மாற்றிக் கேட்க வேண்டும்.

தமிழர்களுக்கு ஒரு சலுகையும் இருக்கிறது. நம் வீட்டுச் சொற்கள் பல ஆங்கில அகராதிக்குள் எப்போதோ குடியேறிவிட்டன: அணைக்கட்டு 'அனிகட்' ஆகவும், கட்டுமரம் 'காட்டமரான்' ஆகவும், சுருட்டு 'ஷெரூட்' ஆகவும். வி-வி என்று ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றால் எல்லாரும் வால்வ், விவிட் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது நீங்கள் 'வெட்டிவர்' என்று சொல்லலாம், நம் வெட்டிவேரேதான். எம்-டபிள்யூ கார் வந்தால் 'மெடோ' சொல்லித் தப்பிக்கலாம். அல்லது மிளகுத்தண்ணீரைச் சொல்லலாம், ஸ்பெல்லிங்கை ஒரே மூச்சில் ஒப்பிக்க முடிந்தால்: எம்-யூ-எல்-எல்-ஐ-ஜி-ஏ-டி-ஏ-டபிள்யூ-என்-ஒய்.